ஆர்டர் கூடினால் கையிருப்பு ஏன் வற்றுகிறது?

லாபத்தில் ஓடும் பட்டறை சனிக்கிழமைக் கூலிக்குப் பணமில்லாமல் திண்டாடுவதுண்டு. ஆர்டர் குறைந்த காலத்தைவிட, பெரிய ஆர்டர் கிடைத்து இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கிய மூன்றாம் மாதத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. முதலாளி பணத்தை வேறெங்கோ திருப்பிவிட்டார் என்றுகூடப் பேச்சு எழும். பணம் எங்கும் போயிருக்காது. வார்ப்பு இரும்பாகவும், பாதி முடிந்த உதிரிபாகமாகவும், வசூலாகாத பில்லாகவும் நடுவழியில் நிற்கும். எவ்வளவு நிற்கும் என்பதை ஆர்டரை ஏற்பதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம்.

அந்தக் கணக்குக்கு அடிப்படையான விதியை 1961இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்தார். ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, அவர்கள் உள்ளே வரும் வேகத்தையும் ஒவ்வொருவரும் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 40 பேர் வரும் உணவகத்தில் ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், எந்நேரமும் சுமார் 20 பேர் உள்ளே இருப்பார்கள். ஆட்களுக்குப் பதில் ரூபாயை வைத்தாலும் இதே விதிதான். தொழிலுக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு ரூபாய் நுழைகிறது, ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் முடங்கும் தொகை தெரிந்துவிடும். வாய்க்கால் எவ்வளவு நீளமோ, வயலுக்குத் தண்ணீர் எட்டுமுன் வாய்க்காலே அவ்வளவு தண்ணீரைக் குடிக்கும்.

கணக்குக்காக, பம்பு நிறுவனங்களுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 20 லட்சம் ரூபாய். மூலப்பொருள் 11 லட்சம். கூலி, மின்சாரம், வாடகை, டூல்கள் எல்லாம் சேர்த்து 7 லட்சம். லாபம் 2 லட்சம். ஜி.எஸ்.டி. 18% சேர்த்தால் மாதம் போடும் பில் 23.6 லட்சம். மூலப்பொருள் கிடங்கில் 20 நாள் கிடக்கிறது, பட்டறைக்குள் வேலையில் 15 நாள், முடிந்த சரக்காக 10 நாள். வாங்குபவர் 75 நாளில் பணம் தருகிறார். மூலப்பொருளான வார்ப்படத்தைத் தருபவருக்கு இவர் 30 நாளில் கொடுக்கிறார்.

மூலப்பொருள் ஒரு நாளைக்கு சுமார் 36,700 ரூபாய். 20 நாளுக்கு 7.3 லட்சம். வேலையில் இருக்கும் சரக்கின் மேல் சராசரியாகப் பாதிக் கூலிச் செலவு ஏறியிருக்கும் என்று கொண்டால், 15 நாளுக்கு 7.3 லட்சம். முடிந்த சரக்கில் 10 நாளுக்கு 6 லட்சம். ஆக, சரக்கில் மட்டும் 20.6 லட்சம். வரவேண்டிய பாக்கி, 75 நாள் பில் அப்படியே, 59 லட்சம். வார்ப்படக்காரர் நமக்குத் தரும் கடன், ஜி.எஸ்.டி. சேர்த்து, 13 லட்சம். அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் சுமார் 66.6 லட்சம்.

மாதம் 2 லட்சம் லாபம் தரும் பட்டறைக்குள் 66.6 லட்சம் எந்நேரமும் நின்றுகொண்டிருக்கிறது. பாக்கிக்குள் இருக்கும் லாபப் பங்கு 5 லட்சத்தைக் கழித்தாலும், 61 லட்சத்துக்கு மேல் சொந்தக் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ போட்ட பணம்.

இப்போது ஆர்டர் 50% கூடி மாத விற்பனை 30 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். நாள்கள் மாறவில்லை, வேகம் மட்டும் ஒன்றரை மடங்கு. முடங்கும் தொகையும் ஒன்றரை மடங்காகி 99.9 லட்சத்தைத் தொடும். கூடுதலாகத் தேவைப்படுவது 33.3 லட்சம். லாபம் மாதம் 3 லட்சமாகக் கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பைசாகூட எடுக்காமல் 11 மாதம் போட்டால்தான் அந்தப் பள்ளம் நிரம்பும். பள்ளம் விழுவதோ முதல் நான்கு மாதங்களுக்குள். நல்ல ஆர்டர் வந்து தொழில் சாய்வது இப்படித்தான்.

கடன் கூட்டாமல் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதையும் இதிலிருந்தே எடுக்கலாம். ஆண்டு விற்பனை 240 லட்சம், முடங்குவது 66.6 லட்சம். அதாவது ஒரு ரூபாய் விற்பனைக்கு ஏறத்தாழ 28 பைசா. வருமான வரியும் குடும்பச் செலவும் போகத் தொழிலில் ரூபாய்க்கு 5 பைசா தங்கினால், 5ஐ 28ஆல் வகுக்க 18% வருகிறது. ஆண்டுக்கு 18%க்கு மேல் வளர்ந்தால் வெளியிலிருந்து பணம் வந்தாக வேண்டும். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் விரிவாக்கம் பற்றிப் பேசுவது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. வசூல் நாளை 75லிருந்து 45ஆகக் குறைத்தால் முடங்குவது 43 லட்சமாக இறங்கும்; கடனில்லாத வளர்ச்சி 28% ஆகும். விலையை ஒரு பைசா ஏற்றாமல், ஒரு இயந்திரமும் வாங்காமல் கிடைக்கும் வித்தியாசம் இது.

வங்கி கை கொடுக்கும், ஆனால் ஓர் அளவுக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 கோடி வரையிலான கடன் வரம்புக்கு வங்கிகள் கையாளும், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25% நடைமுறை மூலதனம் (அன்றாடத் தொழிலை ஓட்டும் பணம்) தேவை என்று கொள்வார்கள். அதில் 20% வங்கி தரும், 5% உரிமையாளர் போட வேண்டும். நம் பட்டறைக்கு வங்கி 48 லட்சம், உரிமையாளர் 12 லட்சம், மொத்தம் 60. 25% என்பது மூன்று மாதச் சுழற்சியை மனத்தில் வைத்த அளவு. வசூலுக்கு 75 நாள் ஆகும் நம் பட்டறைக்கு 66.6 லட்சம் வேண்டும்; அந்த அளவு போதாது.

வங்கி இந்தக் கடனைத் தரும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரம்பு 48 லட்சம் என்றாலும் எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கிலிருந்து நாம் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்து, வரவேண்டிய பாக்கியைச் சேர்த்து, வங்கி தன் மார்ஜினை, அதாவது கடன் தராமல் விடும் பங்கை, பிடித்துக்கொள்ளும். மிச்சம்தான் டிராயிங் பவர். 90 நாளைத் தாண்டிய பில்களைப் பொதுவாகக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். ஒரு பெரிய பார்ட்டி தாமதித்து அவர் பில்கள் 90 நாளைத் தாண்டினால், வரவும் நிற்கும், அதே மாதம் டிராயிங் பவரும் இறங்கும். பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் இரண்டு குழாயும் ஒன்றாக அடைபடுகின்றன. டிராயிங் பவர் அளவுக்கு மேல் கணக்கு தொடர்ந்து 90 நாள் நின்றால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

ஜி.எஸ்.டி. இன்னொரு கசிவு. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் (காலாண்டு முறையைத் தேர்ந்தவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு 25க்குள்) வரியைக் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. நம் பட்டறை, மூலப்பொருள் வாங்கும்போது கொடுத்த உள்ளீட்டு வரியைக் கழித்த பிறகும், இன்னும் கைக்கு வராத பணத்துக்காக மாதம் 1.62 லட்சம் கட்டுகிறது.

பணம் முடங்கும் நாள்களை எங்கே குறைப்பது? பலர் முதலில் பாக்கியைப் பார்ப்பார்கள். அது சரிதான், ஆனால் பட்டறைக்குள் இருக்கும் 15 நாள் முழுக்க நம் கையில் இருப்பது. ஓர் உதிரிபாகத்தின் மேல் இயந்திரம் ஓடும் நேரத்தை எல்லாம் கூட்டினால் பெரும்பாலும் சில நிமிடங்கள், மிஞ்சினால் ஒரு மணி நேரம் வரும். மீதி நாள்களில் அது டிரேயில் காத்திருக்கிறது. காத்திருப்புக்குப் பெரிய காரணம், எந்த இயந்திரமும் சும்மா நிற்கக் கூடாது என்ற எண்ணம். வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் மாறிக்கொண்டே இருந்தால், வரிசையில் நிற்கும் நேரம் எப்படிக் கூடும் என்பதற்குக் கணிதம் உண்டு. இயந்திரம் 80% நேரம் ஓடினால், ஒரு வேலை சராசரியாகத் தன் வேலை நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும். 90% என்றால் 9 மடங்கு. 95% என்றால் 19 மடங்கு. கடைசி 5% ஓட்டத்துக்காகக் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

ஆகவே நெருக்கடியான இயந்திரத்தில், பெரும்பாலும் அது கிரைண்டிங்காகவோ ஐந்து அச்சு சி.என்.சி.யாகவோ (கணினி இயக்கும் இயந்திரம்) இருக்கும், 85% அளவுக்கு மேல் வேலையை ஏற்றாமல் இருப்பது நல்லது. 500 பீஸ் லாட்டை 100 பீஸ் லாட்டுகளாகப் பிரித்தால் முதல் நூறு அடுத்த இயந்திரத்துக்குச் சீக்கிரம் நகரும். ஆனால் லாட் சிறிதானால் செட்டிங், அதாவது அடுத்த வேலைக்கு இயந்திரத்தைத் தயார் செய்வது, எண்ணிக்கையில் கூடும். ஒரு செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம் ஆகும் பட்டறையில் லாட்டைச் சிறிதாக்கினால் நெருக்கடிதான் அதிகமாகும். முதலில் செட்டிங் நேரத்தைக் குறைத்து, பிறகு லாட்டைச் சிறிதாக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்துவிட்டுத் தோற்றுப்போன பட்டறைகள் பிறகு அந்த யோசனையையே வெறுத்துவிடுகின்றன.

பாக்கி நாளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள வாசகம். ‘60 நாள்’ என்றால் எந்தத் தேதியிலிருந்து? பில் தேதியா, சரக்கு கேட்டுக்குள் நுழைந்த தேதியா, தரப் பரிசோதனை முடிந்த தேதியா, மாத இறுதியா? மாத இறுதியிலிருந்து 60 நாள் என்றால், 1ஆம் தேதி அனுப்பிய சரக்குக்கு 90 நாள் ஆகிறது. சில பில்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண் தவறியதற்காகவும், எண்ணிக்கையில் இரண்டு பீஸ் வித்தியாசத்துக்காகவும் வாரக்கணக்கில் மேசையில் கிடக்கும். பில் அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு போன் போட்டு, அது கணக்குப் பிரிவில் ஏறிவிட்டதா என்று கேட்பது, 80ஆம் நாள் கெஞ்சுவதைவிட நல்ல பலன் தரும்.

சட்டம் சிறியவர் பக்கம் இருக்கிறது, ஏட்டளவில். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டுவட்டியாக. ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் இந்த வட்டியைக் கேட்பதில்லை. 2023 நிதிச் சட்டத்தில் வந்த விதி வேறு விதமாக வேலை செய்கிறது: இந்தக் கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். விற்பவர் புகார் செய்யவே தேவையில்லை. வாங்குபவரின் தணிக்கையாளரே நினைவூட்டுவார். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. குறு, சிறு நிறுவனப் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் எண்ணைப் பில்லிலேயே அச்சிடுவது அவசியம்.

பில்லை ஏலத்தில் பணமாக்கும் ட்ரெட்ஸ் இணையத் தளங்கள் இன்னொரு வழி. பில்லை அங்கே ஏற்ற, வாங்குபவர் ஒப்புக்கொள்ள, வங்கிகள் ஏலம் கேட்கும். விற்பவருக்குப் பொதுவாக அடுத்த வேலை நாளில் பணம். வாங்குபவர் தவறினாலும் விற்பவரிடம் திரும்பக் கேட்க முடியாது. வட்டி வாங்குபவரின் தரத்தைப் பார்த்து அமைவதால், சிறு பட்டறைக்குத் தன் சி.சி. வட்டியைவிடக் குறைவாகவே அமைவதுண்டு. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. சேர்ந்திருப்பது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு என்பதுதான் இதன் பலவீனம். ஒப்புதல் கிடைக்காத பில்லுக்கு ஏலமே நடக்காது.

சீக்கிரம் தந்தால் கழிவு தருவது பழைய வழக்கம். 60 நாளுக்குப் பதில் 10 நாளில் தந்தால் 2% கழிவு என்றால், 50 நாளுக்கு 98 ரூபாய்க்கு 2 ரூபாய். ஆண்டு வட்டியாக ஏறத்தாழ 15%. சி.சி. வட்டி அதைவிடக் குறைவாக இருந்து, வரம்பிலும் இடம் மிச்சமிருந்தால் இந்தக் கழிவு நஷ்டம். இடம் தீர்ந்துவிட்டால் லாபம்.

இந்த நாள் கணக்கை முழுவதுமாகத் தலைகீழாக்கியவர்களும் உண்டு. 1990களில் டெல் நிறுவனம் ஆர்டர் வந்த பிறகே பாகங்களைச் சேர்த்துக் கணினியைத் தயாரித்தது. வாடிக்கையாளர் பணம், உதிரிபாகம் தந்தவருக்குக் கொடுக்க வேண்டிய தேதிக்கு முன்பே வந்தது. அப்படிப்பட்ட தொழில் வளர வளரப் பணம் பெருகும். விற்பனை சரியும்போது அதே கணக்கு எதிராகத் திரும்பும்: பழைய பெரிய பில்களை இன்றைய சிறிய வரவிலிருந்து தீர்க்க வேண்டிவரும்.

பம்பு உதிரிபாகப் பட்டறை டெல்லாக முடியாது. ஆனால் வார்ப்படத்தை வாங்குபவரே தந்து, கடையும் கூலி மட்டும் வாங்கும் ஜாப் ஒர்க்காக அதே ஆர்டரைப் பேசலாம். மாத பில் 9 லட்சம், வரியுடன் 10.6 லட்சம். வசூல் அதே 75 நாள் என்றாலும் பாக்கி 26.6 லட்சம், சரக்கில் நிற்பது கூலிச் செலவு மட்டும், 4 லட்சம். மொத்தம் 30.6 லட்சம். லாபம் அதே 2 லட்சம் என்றால், பாதிக்கும் குறைவான பணத்தில் அதே வருமானம். விற்பனை சுருங்குவதால் வங்கி வரம்பும் 21.6 லட்சமாகச் சுருங்கும். அதை முன்பே வங்கியிடம் பேச வேண்டும். மூலப்பொருளில் கிடைத்த சிறு லாபமும் போகலாம். கடைசல் சுருள் யாருக்குச் சொந்தம், வார்ப்படத்தில் ஓட்டை இருந்து கடைந்த பிறகு வீணான பீஸுக்குக் கூலி உண்டா, நம் தவறால் வீணானால் வார்ப்பட விலையில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்றையும் முதல் லோடு இறங்குமுன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.