ஆங்கிலேய நிலக்குடும்பக் கொடிவழி: பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒருவர் பொன்னிற ஓரமிட்ட பெரிய தாளொன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருடைய தாய்வழி ஆங்கிலேயக் குடும்பத்தின் கொடிவழி அது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மண்டிக் கோமான் வில்லியத்துடன் கடல் கடந்து வந்த நார்மன் வீரர் ஒருவரில் தொடங்கி, ஒரு தலைமுறைகூட விடுபடாமல் அச்சிடப்பட்டிருந்தது. அதற்காக அவர் கணிசமான தொகை கொடுத்திருந்தார். நான் முதலில் பார்த்தது அந்த வீரரின் பெயரை அல்ல. நடுவரிசையில், ஒரு சிறு நில உடைமையாளருக்கு எதிரே ‘பிறப்பு: 4 மார்ச் 1312’ என்றிருந்த வரியை.

பங்குக் கோயில்கள்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டது 1538இல். அதற்கு முந்திய காலத்தில் ஒருவரின் பிறந்த நாள் துல்லியமாகக் கிடைக்கிறது என்றால், அவர் அரச குடும்பத்தவராகவோ, வயது பற்றி வழக்கு விசாரணை நடந்த பெருநிலத்து வாரிசாகவோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு நாளும் மாதமும் போட்டிருந்தால், அதைப் போட்டவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

இடைக்காலக் கொடிவழிக்கு நமக்குள்ள முதன்மையான சான்று, ஒருவர் இறந்த பிறகு அவருடைய நிலத்தைப் பற்றி நடத்தப்பட்ட அரச விசாரணை. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய இந்த ஆவணங்கள் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், அந்தந்த மாவட்டத்து எஸ்கீட்டர் என்னும் அலுவலர் உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, என்ன நிலம், யாரிடமிருந்து, எந்தச் சேவைக்குப் பெற்றது, ஆண்டு மதிப்பு என்ன, எந்த நாளில் இறந்தார், நெருங்கிய வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று சத்தியத்தின் பேரில் கேட்டு எழுதுவார். கையில் எடுத்தால் உள்ளங்கை அகலத் தோல்தாளாகவும் இருக்கலாம். சில இடங்களில், மங்கிய எழுத்தைத் தெளிவாக்குவதாக எண்ணி முன்னாளில் தடவிய மாசிக்காய்ச் சாறு கருத்துப்போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தையே விழுங்கியிருக்கும்.

இந்த ஆவணம் குடும்பத்துக்காக எழுதப்பட்டதல்ல, அரசரின் வருமானத்துக்காக எழுதப்பட்டது. வாரிசு சிறுவனாக இருந்தால் நிலத்தின் வருவாயும் அவனுக்குத் திருமணம் பேசும் உரிமையும் அரசர் கைக்குப் போகும். அதனால்தான் வயது கேட்கப்பட்டது. ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்று எழுதியிருந்தால் அவர் 21 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அதைக் கழித்துப் பிறந்த ஆண்டு போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சிறுவன் வளர்ந்து நிலத்தைத் திரும்பக் கேட்கும்போது நடக்கும் வயது நிரூபண விசாரணையோ தனிச் சுவை. அன்றைக்குத்தான் என் கால் முறிந்தது, அன்றைக்குத்தான் என் வீடு எரிந்தது என்று ஒவ்வொரு சாட்சியும் ஒரு காரணம் சொல்வார். படிக்கப் படிக்க அந்த ஊர் கண்முன் வரும். ஆனால் அதே கால் முறிவும் அதே தீயும் வேறொரு விசாரணையிலும் தலைகாட்டும்போது, எழுத்தர் பழைய வாசகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது புரியும்.

மேலும், எல்லோருக்கும் இந்த விசாரணை நடந்ததில்லை. அரசரின் கீழ் நேரடியாக நிலம் இல்லாதவர்கள் இதில் அநேகமாக வரமாட்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பலர் நிலத்தை நம்பிக்கையானவர்கள் பெயரில் எழுதி வைத்துவிட்டு அனுபவித்து வந்ததால், ‘நிலம் ஏதுமில்லை’ என்ற விடையைப் பார்த்து அவரை ஏழையென முடிவுகட்டவும் கூடாது.

குடும்பப் பெயரை நம்பிப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது பெர்சி குடும்பத்தை. அரசர் வில்லியம் எடுத்த நிலக் கணக்கெடுப்பான 1086இன் டூம்ஸ்டே கணக்கில் யார்க்ஷயரில் பெருநிலத்தோடு வரும் வில்லியம் டி பெர்சியின் ஆண்வழி 12ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. கடைசி வில்லியமின் மகள் ஆக்னஸ் மணந்தது லூவேனைச் சேர்ந்த ஜோஸ்லினை. இவர் முதலாம் ஹென்றியின் இரண்டாம் அரசி அடலைசாவின் சகோதரர். இவர்கள் வழியினர்தான் தாயின் பெயரான பெர்சியை எடுத்துக்கொண்டு, 1309இல் ஆல்ன்விக் கோட்டையை வாங்கி (உள்ளூரில் ஆனிக் என்றே சொல்வார்கள்), 1377இல் நார்தம்பர்லாந்தின் ஏர்ல் (உயர்பிரபுப் பட்டம்) ஆனார்கள். 1670இல் அந்த ஆண்வழியும் முடிய, பிற்பாடு 1750இல் ஹியூ ஸ்மித்சன் என்பவர் மனைவி வழியாக வந்த அந்தப் பெயரைத் தாமும் சூடிக்கொண்டார். பெயர் ஒன்று, ஆண்வழி மூன்று.

வாரிசு என்ற சொல்லே ஒருவரை மட்டும் குறிப்பதல்ல என்பதற்குக் குளோஸ்டர்ஷயரின் பார்க்லி குடும்பத்தைப் போல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1417இல் தாமஸ் பார்க்லி பிரபு இறந்தபோது இருந்தவர் ஒரே மகள் எலிசபெத். அவர் வாரிக் ஏர்லின் மனைவி. பொதுச் சட்டப்படி மகள்தான் வாரிசு. ஆனால் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் ஆண்வழிக்கு மட்டுமே போக வேண்டும் என்று முன்னோர் கட்டுப்படுத்தி எழுதியிருந்ததால், அவற்றுக்குத் தம்பி மகன் ஜேம்ஸ் வாரிசு. ஒரே இறப்புக்கு இரண்டு வாரிசுகள், இருவரும் சட்டப்படி சரி. எந்தப் பண்ணை எந்தக் கணக்கில் சேரும் என்ற இந்தத் தகராறு தலைமுறைகளைத் தாண்டியது. ஜேம்ஸின் மனைவி இசபெல் எதிர்த்தரப்பின் சிறையிலேயே 1452இல் இறந்தார். எலிசபெத்தின் கொள்ளுப்பேரரான லைல் பிரபு 1470 மார்ச் 20 அன்று நிப்லி கிரீனில் ஜேம்ஸின் மகன் வில்லியமின் ஆட்களோடு மோதி உயிரிழந்தார். வழக்கு முழுமையாகத் தீர்ந்தது 1609இல்தான்.

வெற்றி பெற்ற வில்லியம் அதோடு நிற்கவில்லை. தம்பி மாரிஸைத் தவிர்த்துவிட்டு, கோட்டையையும் நிலத்தையும் அரசர் ஏழாம் ஹென்றிக்கும் அவருடைய ஆண்வழிக்கும் எழுதிக்கொடுத்து, ஏர்லுக்கும் மேலான மார்க்விஸ் பட்டம் பெற்றார். தம்பி தகுதி பாராமல் பிரிஸ்டல் நகரத்து வணிகர் வீட்டில் பெண் எடுத்துவிட்டார் என்பது அண்ணனின் குறையாம். இந்தக் குடும்பத்தின் மூதாதை ராபர்ட் ஃபிட்ஸ்ஹார்டிங்கே பிரிஸ்டல் செல்வந்தர்தான் என்பது அவருக்கு மறந்திருக்க வேண்டும். 1553இல் ஆறாம் எட்வர்ட் இறந்து அரசரின் ஆண்வழி முடிந்தபோது கோட்டை மாரிஸின் வழிக்குத் திரும்பியது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நிலத்தை மட்டும் பார்ப்பவருக்கு குடும்பமே காணாமல்போனதாகத் தோன்றும். எழுதிக்கொடுத்த பத்திரத்தைப் படித்தவருக்குத்தான் ஏன் திரும்பியது என்று விளங்கும்.

விற்பனைக்கு வரும் கொடிவழிகளில் பல, 1530 முதல் 1688 வரை கேடயச் சின்ன உரிமையைச் சரிபார்க்கும் அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று எழுதிய பட்டியல்களை அப்படியே எடுத்தவை. குடும்பத்தார் வாய்மொழியாகச் சொன்ன மூன்று நான்கு தலைமுறைகள் பெரும்பாலும் தேறும். அதற்கு மேலே உள்ளதை வேறு ஆவணம் இல்லாமல் நான் ஏற்பதில்லை. கேடயச் சின்னமும் ஒரு தனிமனிதருக்கும் அவர் வழியினருக்கும் உரியது, குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிற எல்லோருக்கும் உரியதல்ல. அதை அச்சிட்டு விற்கும் கடைகள் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று: அப்போது சட்ட ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், மூலத்தில் 1320 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1321. லத்தீனில் ‘நெபோஸ்’ என்ற சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தவரின் மகனையும் குறிக்கும். ஒரு தலைமுறை கூடுவதும் குறைவதும் இங்கேதான்.

வந்தவரின் தாளில் 16ஆம் நூற்றாண்டு வரை உயில்களும் பதிவேடுகளும் ஒத்துப்போயின. அதற்கு மேலே, ஒரே ஊரிலிருந்த இரண்டு ஜான்களை ஒருவராக்கியிருந்தார்கள். மூத்த ஜான் இறந்தபோது நிலம் இரு மகள்களுக்குச் சமமாகப் பிரிந்ததாக விசாரணை ஆவணம் சொல்கிறது. மகன் இருந்திருந்தால் அது பிரிந்திருக்காது. தாளிலோ அவருக்கு ஒரு மகன் முளைத்திருந்தான். நார்மன் வீரர் வரை ஏறிய கொடி முழுவதும் அந்த மகனைப் பிடித்துத்தான் ஏறியது. இளைய மகளின் பங்கு யார் கைக்குப் போனது என்பதை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.