குளிரைக் கணக்கு வைத்துப் பூக்கும் மரம்

ஜப்பானின் கியோட்டோ நகரின் மேற்கோரம் அராஷியாமா. அங்கே தொகெட்சு பாலத்தருகே தொடங்கும் சைக்கிள் பாதை கட்சுரா ஆற்றங்கரையோடு தெற்கே இறங்கி, யவாதா வழியாகக் கிசு வரை 45 கி.மீ. போகிறது. பெரும்பாலும் கார் தொல்லை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமும் இல்லை. சகுரா என்ற செர்ரி பூக்கும் வார இறுதியில் நண்பர்களோடு இந்தப் பாதையில் யவாதா வரை மிதிப்பதைப் போல எனக்குப் பிடித்த பயணம் வேறில்லை. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தின் இரண்டு முனைகளும் செர்ரி மரத்தைப் பற்றி இரண்டு வெவ்வேறு சேதிகளைச் சொல்கின்றன.

அராஷியாமாவின் மலைச்சரிவைப் பாருங்கள். ஒரு மரம் வெள்ளையாக நிறைந்து நிற்கும். பக்கத்து மரம் செந்தளிரும் பூவுமாகக் கலந்திருக்கும். அதற்கடுத்தது இன்னும் மொட்டுகூட விரியாமல் இருக்கும். கிசு ஆற்றுக்கும் உஜி ஆற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் யவாதாவின் செவாரிதெய் கரைக்கு வந்தால் கதையே வேறு. 1.4 கி.மீ. நீளத்துக்குச் சுமார் 220 மரங்கள். அத்தனையும் ஒரே வேளையில் பூத்து, ஒரே வேளையில் உதிர்கின்றன. ஒரே வட்டாரம், ஏறக்குறைய ஒரே வானிலை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முதலில் ஒரு மரம் எப்படி நாள் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

மார்ச் கடைசியில் விரியும் பூவின் மொட்டு, முந்தைய கோடையிலேயே, ஜூலை ஆகஸ்டு வாக்கில் உருவாகிவிடுகிறது. இலையுதிர் காலத்துக்குள் அதற்குள்ளே பூவின் உறுப்புகள் எல்லாம் தயார். அக்டோபரில் நல்ல இளஞ்சூடான நாட்கள் வருகின்றன. ஆனாலும் மொட்டு விரிவதில்லை. காரணம், அதே கிளையில் இருக்கும் இலைகள். அவற்றிலிருந்து அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மொட்டுக்குப் போய், ‘வளராதே’ என்று தடுத்து வைக்கிறது. 2018 செப்டம்பரில் ஜப்பானை அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கின. பலத்த காற்றிலும் அது வாரிவந்த உப்பிலும் செர்ரி மரங்களின் இலைகள் காலத்துக்கு முன்பே கருகிக் கொட்டின. அக்டோபரில் நாட்டின் பல இடங்களில் மரங்கள் பூத்துவிட்டன! தடுக்க இலை இல்லை. வெயிலோ இன்னும் தணியவில்லை. மொட்டுக்கு வேறென்ன வேண்டும்?

சாதாரண ஆண்டில் இலைகள் தம் வேலையை முடித்துவிட்டே உதிர்கின்றன. அதன்பின் மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகிறது. இந்த நிலையில் ஒரு கிளையை வெட்டிக் கதகதப்பான அறையில் தண்ணீரில் வைத்தாலும் பூ விரியாது. உறக்கத்தைக் காவல் காப்பவை ‘டேம்’ எனப்படும் மரபணுக்கள். இவை பிடிபட்டது செர்ரியின் உறவான பீச் மரத்தில். மெக்சிகோவில் குளிர்காலத்திலும் உறங்காமல் தளிர்த்துக்கொண்டே இருக்கும் ஒரு விந்தைப் பீச் வகை இருந்தது. அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, வரிசையாக இருக்க வேண்டிய அந்த மரபணுக்களின் பகுதியில் ஒரு துண்டே விடுபட்டிருப்பது தெரிந்தது.

இந்தக் காவலைத் தளர்த்துவது குளிர்தான். ஒரு நாள் கடுங்குளிர் போதாது. குளிர்ந்த ஒவ்வொரு மணி நேரமும் உண்டியலில் விழும் காசு மாதிரி. வாரக்கணக்கில் சேரச் சேர, அந்த மரபணுக்களின் செயல்பாடு படிப்படியாக அடங்குகிறது. மரபணு அழிவதில்லை, அது சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் வேதிக் குறிகள் ஏறி, அந்தப் பகுதியைப் படிக்க முடியாதபடி ஆக்கிவிடுகின்றன. இதில் எனக்கு வியப்பாக இருப்பது, உறைய வைக்கும் குளிருக்கு இங்கே மதிப்புக் குறைவு என்பதுதான். 5 டிகிரியை ஒட்டிய மிதமான குளிரே நன்றாக வேலை செய்கிறது. பனிக்கட்டியாய் உறைந்த நாள் அந்த அளவுக்குக் கணக்கில் ஏறாது.

மரத்துக்கு ஏன் இந்தக் கெடுபிடி? வெப்பத்தை மட்டும் நம்பினால், டிசம்பரில் வரும் ஒரு வார இளஞ்சூட்டில் ஏமாந்து பூத்துவிடும்; ஜனவரி உறைபனி அத்தனையையும் கருக்கிவிடும். குளிர்காலம் கழிந்ததற்கு மரம் ஆதாரம் கேட்கிறது.

இதை ஒகினாவாவில் கண்ணாலேயே காணலாம். ஜப்பானின் பெருநிலத்தில் பூப்பு தெற்கிலிருந்து வடக்கே நகரும். ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூக்கும் கான்ஹி செர்ரியோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறது. அங்கே வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, குளிருக்குத்தான் பஞ்சம். எங்கே முதலில் குளிர்கிறதோ அங்கே முதலில் பூ. கொடைக்கானலில் பிளம்ஸும் பேரிக்காயும் காய்க்க, கீழே சமவெளியில் காய்க்காததற்கும் இந்தக் குளிர்க் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

உறக்கம் கலைந்தபின் ஆட்டம் தலைகீழ். இனி வேண்டியது வெப்பம். ஜப்பானியர் கைவசம் இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்; 600 டிகிரியை எட்டும்போது பூக்கும். போட்டுப் பார்ப்போம். கியோட்டோவில் பிப்ரவரியின் சராசரி உச்சம் சுமார் 10 டிகிரி. 28 நாளுக்கு 280. மீதி 320. மார்ச்சின் சராசரி உச்சம் சுமார் 14. அப்படியானால் இன்னும் 23 நாள். விடை மார்ச் 23. மார்ச்சின் முற்பாதி பிற்பாதியைவிடக் குளிர்ந்தது என்பதால் உண்மையில் இரண்டொரு நாள் தள்ளும். கியோட்டோவில் பூப்பு தொடங்கும் சராசரி நாள் மார்ச் 26! ஒரு பேனாவும் காகிதமும் கொண்டு ஒரு மரத்தின் மனதை இவ்வளவு நெருங்க முடிகிறதே என்று ஒவ்வொரு முறையும் மகிழ்ந்துபோகிறேன்.

ஆனால் கூட்டல் முழு உண்மை அல்ல. மொட்டுக்குள் நடப்பவை வேதிவினைகள். வெப்பம் ஏற ஏற அவற்றின் வேகம் நேர்விகிதத்தைவிட அதிகமாகக் கூடும். 20 டிகிரி நாள் ஒன்று, 10 டிகிரி நாட்கள் இரண்டைவிட மொட்டை முன்னே தள்ளும். தொழில்முறைக் கணிப்புகள் இதைச் சேர்த்தே கணக்கிடுகின்றன.

இப்போது செவாரிதெய்க்கு வருவோம். அங்கே நிற்பவை சோமேய் யோஷினோ வகை. எதோஹிகான், ஓஷிமா என்ற இரண்டு செர்ரி இனங்களின் கலப்பு. எதோஹிகானிடமிருந்து இலைக்கு முன் பூக்கும் குணம். ஓஷிமாவிடமிருந்து பெரிய பூ. இன்று டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சோமேய் கிராமத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இது பரவியது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரம் இது: மகரந்தக் குழல் தன்னுடையதே என்று தெரிந்தால், சூல் தண்டில் உள்ள ஒரு நொதி அதன் வளர்ச்சியை நிறுத்திவிடும். பக்கத்து சோமேய் யோஷினோவும் மரபளவில் அதே மரம் என்பதால் அதனுடைய மகரந்தமும் பயன்படாது. ஆகவே ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். செவாரிதெயின் வரிசையும் டோக்கியோ பூங்காவின் வரிசையும் ஒரே மரத்தின் நகல்கள். ஒரே மரபணு, ஒரே குளிர், ஒரே வெப்பம்; எனவே ஒரே நாள். அராஷியாமாவின் சரிவிலோ விதையிலிருந்து முளைத்த மலைச்செர்ரிகள் நிறைய. ஒவ்வொன்றும் தனிப்பிறவி, தனிக்கணக்கு.

கியோட்டோவின் மலைச்செர்ரிகள் வேறொரு வகையிலும் அரியவை. அரசவையினரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து முழுப்பூப்பு நாட்களைத் திரட்டினார் ஒசாகா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் யசுயுகி அவோனோ. அந்தப் பட்டியல் 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. 2021இல் மார்ச் 26 அன்றே முழுப்பூப்பு; அதுவரையான 1,200 ஆண்டுகளில் அதுதான் மிக முந்தியது. அதற்கு முந்தைய சாதனை 1409ஆம் ஆண்டின் மார்ச் 27. நகரம் சூடாவதும் புவி சூடாவதும் சேர்ந்து பூப்பை முன்னே இழுத்துள்ளன. இது எல்லையின்றிப் போகாது என்பதுதான் என் கவலை. குளிர்காலமே வெதுவெதுப்பானால் உறக்கம் சரியாகக் கலையாது. ககோஷிமா போன்ற தென்கோடி ஊர்களில் சில ஆண்டுகள் டோக்கியோவுக்குப் பிறகே பூக்கின்றன. மொட்டுகள் ஒருசேர விரியாமல் போகும் நிலை அங்கேதான் முதலில் வரும்.

எந்தச் சனிக்கிழமை கிளம்புவது? மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தாலே வானிலை நிலையம் பூப்பை அறிவித்துவிடும். 80 சதவீதம் விரிந்தால் முழுப்பூப்பு. கியோட்டோவில் இரண்டுக்கும் இடையே சராசரி ஒன்பது நாள். அந்த இடைவெளியில் குளிரடித்தால் கவலை வேண்டாம், பூ கூடுதல் நாள் தாங்கும். கரைக்குப் போனதும் ஒரு பூவின் நடுப்பகுதியைப் பாருங்கள்: பச்சையோ வெளிறிய நிறமோ என்றால் இன்னும் நாள் இருக்கிறது, சிவந்திருந்தால் அடுத்த காற்றுக்கே உதிரும். தவறவிட்டவர்கள் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து அராஷியாமாவிலிருந்து கிழக்கே நின்னாஜி கோயிலுக்கு மிதியுங்கள். ஆளுயரத்துக்குச் சற்று மேலே மட்டும் வளரும் ஓமுரோ செர்ரி அங்கே தாமதமாகத்தான் பூக்கும்.