பிஞ்சு வெம்பினால் முதலில் பூவைப் பாருங்கள்

சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற அழைப்புகளில் அதிகம் ஒரே கேள்விதான். "பிள்ளை, பூசணிப் பிஞ்செல்லாம் மஞ்சளிச்சு விழுகுது. என்ன மருந்து அடிக்கிறது?"

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் போன ஆனியிலும் இதே கதை. விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி வெட்டிப் பார்த்தோம். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. அங்கே ஒன்றிலும் புழு இல்லை. "அம்மா, நாளைக்கு விடிய ஆறரைக்கு வாறன். அதுவரை மருந்தைத் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கொடியடியில் ஒரு மணித்தியாலம் நின்றோம். விரிந்த பூக்களுக்கு வந்தவை இரண்டே இரண்டு தேனீக்கள். மற்றவை எங்கே என்று தேடினால், கிணற்றடி ஈரத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் விரியும் பூ உச்சிக்கு முன்னரே சுருங்கிவிடும். பெண்பூவுக்கு அந்த ஒரு காலைதான். மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு வெம்பும். வெயில் கூடினால் கொடியில் பெண்பூ குறையும், மகரந்தமும் வலுவிழக்கும். தேனீக்களின் பாடு அதைவிட மோசம். குஞ்சுகள் வளரும் அடையை அவை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் வைத்திருக்கவேண்டும். வெளியே அதற்கு மேல் கொதிக்கும்போது, பூவுக்குப் போகவேண்டியவை நீர் சுமக்கப் போகின்றன. அதை அறைகளில் பூசி, இறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கின்றன. சிறுகுளங்கள் வெடித்துக் கிடக்கும் காலத்தில் அந்த நீருக்கு அவை எவ்வளவு தூரம் அலையும்!

வாயகன்ற மண்சட்டி ஒன்றை வேலியோர நிழலில் வையுங்கள். உள்ளே பொச்சுமட்டையும் நாலு கல்லும் போடுங்கள்; கால் வைக்க இடமில்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும். நுளம்பு பெருகாமல் நாள்தோறும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீர் மாற்றவேண்டும். இடம் பழகிய தேனீக்கள் அங்கேயே திரும்பி வரும், ஆகவே இடையில் காயவிடாதீர்கள்.

மருந்து விடயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். பூ விரிந்திருக்கும் காலையில் அடிப்பது, உங்களுக்கு வேலை செய்ய வந்தவரை வாசலிலேயே கொல்வது. "பின்னேரம் அடிச்சால் பிழையில்லைத்தானே?" என்று கேட்பார்கள். பூசணிக்கு அது ஓரளவு சரி. ஆனால் சுரையும் புடோலும் பின்னேரம் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைப்பவை. எல்லாம் கலந்து நட்ட வீட்டுத்தோட்டத்தில் பாதுகாப்பான நேரம் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, வளவைத் துப்புரவாகக் கூட்டிக் கொத்தி வைக்கும் பழக்கம். கத்தரிப்பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலவரித் தேனீ மண்ணில் துளைபோட்டு வாழ்வது. கருவண்டுக்குப் பட்ட மரக்கிளை வேண்டும். ஒரு மூலையையாவது கொத்தாமல் விடுங்கள். துளசியையும் தும்பையையும் பூக்கவிடுங்கள்.

தேனீக்கள் திரும்பும்வரை அந்த அம்மாவுக்கு ஒரு கைவேலை சொல்லிக்கொடுத்தேன். எட்டு மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவே மெல்லத் தடவுவது. தடவிய பூவுக்கெல்லாம் அவர் பழஞ்சீலை நூல் கட்டி அடையாளம் வைத்தார். இரண்டு கிழமை கழித்துப் போனபோது, நூல் கட்டாத காம்புகளிலும் பிஞ்சு பருத்திருந்தது. வேலியடிச் சட்டியில், பொச்சுமட்டை நெடுகத் தேனீக்கள் வரிசையாக இருந்து நீர் குடித்தன.