'செல்வி'யை எழுத்தல்ல என்ற நிரல்

சேர்க்கைப் படிவம் ஒன்றுக்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பெயரில் எண்ணோ குறியோ வரக் கூடாது என்பதற்காக, எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் இஸ்ஆல்பா (isalpha) போட்டேன். ஒரே வரி, வேகமும் கூட. சோதிக்கும்போது சோம்பல்பட்டு 'அஆஇஈ' என்று அடித்தேன், தேறியது. படிவம் திறந்த அன்றே போன் வந்துவிட்டது. 'செல்வி' என்று அடித்தால் "எழுத்துகள் மட்டும்" என்று திருப்புகிறதாம்.

நமக்கு செ, ல், வி என மூன்று எழுத்து. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் அது ஆறு குறியீடு: ச, ல, வ மட்டும் எழுத்து வகை, கொம்பு, புள்ளி, விசிறி மூன்றும் 'மார்க்' (ஒட்டுக்குறி) வகை. இஸ்ஆல்பா எழுத்து வகையை மட்டுமே ஏற்கும். என் 'அஆஇஈ'யில் மார்க்கே கிடையாது, அதனால்தான் தப்பித்தது.

ரெஜெக்ஸுக்கு (வடிவத்தைச் சொல்லி எழுத்துகளைத் தேடும் முறை) மாறினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். பைத்தானோடு வரும் ஆர்இ (re) மாட்யூலில் சொல்லின் எழுத்துகளைத் தேடும் 'பின்சாய்கோடு டபிள்யூ' (\w) அதே பெயரை ச, ல, வ என்று மூன்று துண்டாக்கும். தனியாக நிறுவும் 'ரெஜெக்ஸ்' (regex) மாட்யூலின் 'பின்சாய்கோடு எக்ஸ்' (\X) செ, ல், வி என்றே பிரிக்கும்.

நான் செய்தது எளிது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூல் சொல்லும் வகை, அதாவது கேட்டகரி, எல் (எழுத்து) அல்லது எம்மில் (மார்க்) தொடங்குகிறதா, இல்லையேல் அது இடைவெளியா, முற்றுப்புள்ளியா என்று, எல்லாம் தேறினால்தான் 'ட்ரூ' (சரி) சொல்லும் 'ஆல்' (all) கொண்டு பார்த்தேன். முதல் தவறான குறியிலேயே அது நின்றுவிடும். ஆனால் எதுவும் அடிக்காத வெற்றுச் சரத்துக்கும் 'ட்ரூ' சொல்லும். அதைத் தனியே பிடிக்க வேண்டும்.

தலைப்பெழுத்தைப் பிரிக்க, வரும் இடமெல்லாம் வெட்டும் ஸ்பிளிட்டைவிட (split), கடைசி இடத்தில் மட்டும் வெட்டி முன், புள்ளி, பின் என மூன்றாகத் தரும் ஆர்பார்ட்டிஷன் (rpartition) தேவலை. 'எஸ்.எம். முத்து' கடைசிப் புள்ளியில் பிரியும். புள்ளியே இல்லாவிட்டாலும் பெயர் மூன்றாம் இடத்தில்தான் நிற்கும், தனியாக இஃப் வேண்டாம். (தலைப்பெழுத்தைப் பின்னால் போடுகிறவர்களிடம் இது பலிக்காது.) இடைவெளியில் பிரிக்க, ஸ்பிளிட்டின் அடைப்புக்குறியை வெறுமையாக விடுங்கள். உள்ளே ஓர் இடைவெளியைக் கொடுத்தால், இரட்டை இடைவெளி வரும் இடத்தில் வெற்றுத் துண்டு விழும்.

ஒப்பிடுவதில் இன்னொரு வம்பு. 'கோபால்' என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றேதான்; சமக்குறி (==) போட்டு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றில்லை என்றுவிடும். சேமிக்கும் முன்பே என்எஃப்சிக்கு (NFC, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவம்) நார்மலைஸ் செய்துவிடுகிறேன்.

இப்போது என் சோதனைக் கோப்பில் செல்வி, இரண்டு விதமாக அடித்த கோபால், எஸ்.எம். முத்து, ஒரு வெற்று வரி. 'அஆஇஈ'யை எடுத்துவிட்டேன்.