ஓடினால் ஓடிப்போகிற நோய் அல்ல

மாரத்தான் பருவம் வந்துவிட்டால் எங்கள் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் இது வாடிக்கையாகிவிட்டது. தங்கைக்கு ஷார்கோ-மரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். விழிப்புணர்வுக்காக அண்ணன் ஓடுகிறார். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் சென்ற வாரம் வந்தவரின் டீ-ஷர்ட்டில் ‘ஓடுங்கள், நரம்பு நோய் ஓடிவிடும்’ என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் கணுக்காலில் மாவுக்கட்டுடன் தங்கை. விடியற்காலையில் கடற்கரை மணலில் அவளையும் ஓடப் பழக்கியிருக்கிறார்.

ஐயா, இது சோம்பலால் வந்த நோய் அல்ல. உடற்பயிற்சி போதாமல் வந்ததும் அல்ல. அதிகம் காணப்படும் வகையில், 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 என்ற மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அந்தப் பிரதி குறையப்போவதில்லை. பாதத்தைத் தூக்கும் தசைக்கு நரம்பின் கட்டளை சரியாகப் போய்ச் சேராதவளை விரட்டினால் கால் மடங்காமல் என்ன செய்யும்? 1886-இலேயே மருத்துவர்கள் விவரித்து எழுதிவிட்ட நோய்க்கு இன்னும் ‘நன்றாக நடந்தால் சரியாகிவிடும்’ என்கிறோம். ‘சத்து ஊசி போடுங்கள்’ என்பவர்கள் தனி ரகம். பி6 வைட்டமின் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

செருப்பு கழன்று விழுகிறதா, விழுந்தது உடனே தெரிகிறதா என்று நாங்கள் கேட்பது வழக்கம். முதல் கேள்வி தசைக்கு, இரண்டாவது உணர்ச்சிக்கு. இந்தப் பெண் பள்ளி நாளிலிருந்தே பின்வார் வைத்த செருப்புதான் போடுகிறாள். ஏனென்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பயிற்சியே கூடாது என்று சொல்லவில்லை. நீச்சல், நிறுத்திவைத்த சைக்கிள், குதிகால் நாண் இறுகாமல் நீட்டும் பயிற்சி எல்லாம் நல்லது. அளவைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். பாதம் தொங்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போடுங்கள். ‘கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. இரவில் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இவர்களின் கைகால்களை முடக்கிவிடக்கூடும்.

ஓடுகிற அண்ணன்மார்களே, நீங்களும் ஒருமுறை ஷூவைக் கழற்றிவிட்டு எங்கள் முன் நில்லுங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் நடக்கவே சிரமப்படுவார். இன்னொருவருக்குப் பாதவளைவு உயர்ந்திருப்பதோடு சரி. ‘எனக்கு ஒன்றுமில்லை, நான்தான் ஓடுகிறேனே’ என்பது பரிசோதனை ஆகாது. நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுத்துவிடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.