வால்வுக்கு அடியில் ஓடும் கம்பி

பெருந்தமனி வால்வை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியின் நெஞ்செலும்புக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில், நூல் போன்ற மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் உள்முனை இதயத்தின் மேற்பரப்பில் தைக்கப்பட்டிருக்கும். வெளிமுனை, தேவைப்படும்போது, கட்டிலருகே உள்ள ஒரு சிறு பெட்டியுடன் இணைக்கப்படும். மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும் அந்தப் பெட்டிதான் தற்காலிக பேஸ்மேக்கர். மாற்றியதோ வால்வை, அதாவது இடது கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வழியில் உள்ள ஒரு கதவை. அதற்கு மின்சாரப் பெட்டி எதற்கு என்று உறவினர்கள் கேட்பது நியாயமே. அந்தக் கதவின் நிலைச்சட்டம் எந்தச் சுவரில் பதிந்திருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதயத் துடிப்புக்கான மின்தூண்டல் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் பிறந்து, மேலறைகளைச் சுருங்க வைத்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்து, பிறகு ஹிஸ் கற்றை என்னும் மெல்லிய இழைக்கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் நார்த்திசு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இயல்பான இதயத்தில் இந்த ஒற்றைக் கற்றைதான் இரண்டுக்கும் பாலம். 1893-இல் மருத்துவர் வில்ஹெல்ம் ஹிஸ் இதை விவரித்தார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியரான சுனாவோ தவாரா, 1906-இல் ஏ.வி. கணுவையும் அங்கிருந்து கீழறைத் தசைவரை செல்லும் முழுப் பாதையையும் காட்டினார்.

பெருந்தமனி வால்வுக்கு மூன்று மடல்கள். அவற்றில் வலது, இடது மடல்களுக்குப் பின்னாலிருந்து இதயத் தசைக்கான தமனிகள் கிளம்புகின்றன. மூன்றாவதற்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. வலது மடலும் இந்த மூன்றாவது மடலும் சந்திக்கும் மூலைக்கு நேர் கீழே, சவ்வு போல மெலிந்த ஒரு தடுப்பின் ஓரமாக, ஹிஸ் கற்றை இடது கீழறைப் பக்கம் வெளிப்பட்டு வலது, இடது எனக் கிளை பிரிகிறது. முதியவர்களின் வால்வில் படியும் சுண்ணாம்பு சில நேரங்களில் இந்தத் தடுப்புக்குள்ளும் இறங்கியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும்போதோ, புதிய வால்வின் வளையத்தைத் தைக்கும் ஊசி சற்று ஆழமாக இறங்கும்போதோ, தையலைச் சுற்றித் திசு வீங்கும்போதோ கற்றை நசுங்கலாம். அரிதாக அறுபடவும் செய்யலாம்.

அதன் விளைவை மருத்துவர்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்கிறார்கள். நம் பேச்சு வழக்கில் ‘இதயத்தில் அடைப்பு’ என்றால் இரத்தக் குழாய் அடைப்பு என்றே பொருள் கொள்வதால், இந்தச் சொல் வீட்டாரிடம் தேவையற்ற குழப்பத்தை உண்டாக்குகிறது. இங்கே அடைபடுவது மின்பாதை, இரத்தக் குழாய் அல்ல. முழு அடைப்பில் மேலறைகள் தம் போக்கில் துடிக்க, கீழறைகளோ தாமாகவே நிமிடத்துக்கு 30, 40 என்ற மந்த கதியில் துடிக்கும், அல்லது நின்றுபோகும். காரணம் வீக்கம் மட்டுமே என்றால் சில நாள்களில் பாதை மீளும். அதனால்தான் பொதுவாக 5 நாள்களாவது பொறுத்துப் பார்த்தபின் நிரந்தர பேஸ்மேக்கர் பற்றி முடிவெடுக்கிறார்கள். அறுவைக்கு முந்தைய இ.சி.ஜி.யிலேயே வலது கிளை பழுதாகியிருப்பது தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை: வால்வுக்கு அருகில் ஓடும் இடது கிளை ஒன்றை நம்பித்தான் அந்த இதயம் இருக்கிறது.

அந்தச் சிறு பெட்டியின் பிறப்பும் இதே கற்றையோடு தொடர்புடையது. 1950-களில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை, குழந்தைகளின் கீழறைத் தடுப்பில் இருந்த ஓட்டைகளைத் தைத்து மூடியபோது சிலருக்குக் கற்றை அடைபட்டது. அவர்களைச் சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிகளே காத்தன. 1957-இல் ஏற்பட்ட மின்தடைக்குப் பிறகு, பேட்டரியில் ஓடும் கருவியைப் பொறியாளர் ஏர்ல் பாக்கன் அவருக்குச் செய்துகொடுத்தார்.

2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலென் கிரிபியே, மார்பைத் திறக்காமல் குழாய் வழியாக முதன்முறை இந்த வால்வைப் பொருத்தினார். இந்த முறையில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்த்து அதைச் சுவரோரம் தள்ளி, அதற்குள் புதியது விரிகிறது. விரியும் சட்டகம் கற்றை இருக்கும் பக்கத்தை அழுத்துகிறது. 2019-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளைப் பார்க்கலாம். தானே விரியும் சட்டக வால்வைப் பெற்றவர்களில் 17.4 சதவீதத்தினருக்கு 30 நாள்களுக்குள் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. அறுவை செய்துகொண்டவர்களில் 6.1 சதவீதம். பலூனால் விரிக்கும் வகையை ஆராய்ந்த மற்றொன்றில் குழாய் முறையில் 6.5 சதவீதம், அறுவையில் 4 சதவீதம் என்ற அளவுதான். சட்டகம் கீழறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் இதில் முக்கியம்.

ஆனால் இரண்டாவது ஆய்விலேயே இன்னொரு கோளாறு தலைகீழாக இருந்தது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’, குழாய் முறையில் 5 சதவீதத்தினருக்கும் திறந்த அறுவையில் 39.5 சதவீதத்தினருக்கும் புதிதாக வந்தது. இங்கே கற்றையின் மேல் குற்றமில்லை. அறுவையால் வரும் அழற்சி, அட்ரினலின் பெருக்கு, இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் குறைதல், வால்வு சுருங்கியிருந்த ஆண்டுகளில் விரிந்துபோன இடது மேலறை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. அழற்சி உச்சம் தொடும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

இந்த நோயாளிகளுக்கு அந்த நடுக்கம் மற்றவர்களைவிட அதிகம் உறைக்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குறுகிய வால்வை எதிர்த்துப் பல ஆண்டுகள் இரத்தத்தைத் தள்ளிய கீழறை, தடித்து விறைத்துப் போயிருக்கும். தளர்ந்து தானாக நிரம்புவது அதற்குக் கடினம். மேலறை கடைசியில் கொடுக்கும் தள்ளுதான் அதை நிரப்புகிறது. அது நின்றால் இரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். நடுக்கம் நீடித்தால் இடது மேலறையின் பை போன்ற மூலையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் ஆபத்தும் உண்டு. பீட்டா பிளாக்கர், அமியோடரோன் போன்ற மருந்துகளாலும், அவசரமானால் மின்னதிர்ச்சியாலும் இதைச் சமாளிக்கிறார்கள்.

தடுப்பதற்கு எளிய வழி ஒன்றும் கிடைத்திருக்கிறது. அறுவைக்குப் பின் இதய உறைக்குள், பின்பக்கமாகத் தேங்கும் இரத்தமும் நீரும் மேலறையை எரிச்சலூட்டுகின்றன. உறையின் பின்சுவரில் ஒரு சிறு வெட்டு இட்டால், தேங்குவது இடது நுரையீரலைச் சூழ்ந்த இடத்துக்கு வடிந்துவிடும். நியூயார்க்கில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இந்த வெட்டு இடப்பட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கும் இடப்படாதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது.