வெட்டிய காட்சி கோப்புக்குள்ளேயே இருக்கலாம்

கல்யாண வீடியோவோ கூட்டப் பதிவோ, எதை வெட்டித் தரச் சொன்னாலும் வாடிக்கையாளர் போடும் நிபந்தனை இரண்டு: தரம் குறையக் கூடாது, உடனே வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது புதிதாகச் சுருக்கிப் பதியாமல், உள்ள தரவை அப்படியே நகலெடுத்து வெட்டுவது. ஒரு மணி நேரக் கோப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். வில்லங்கமும் இங்கேதான் தொடங்குகிறது.

ஃபுல் எச்டி வீடியோவின் ஒரே ஒரு படத்தை (ஃப்ரேம்) சுருக்காமல் வைத்தால் சுமார் 3 எம்பி பிடிக்கும். நொடிக்கு 25 படம் என்றால் 75 எம்பிக்கு மேல். அதை ஓரிரு எம்பிக்குள் அடக்குவதற்காக, எல்லாப் படங்களையும் முழுதாகச் சேமிப்பதில்லை. இடைவெளி விட்டு ஒரு முழுப்படம் வரும், அதுதான் கீஃப்ரேம். நடுவில் உள்ளவற்றில் பெரும்பாலும் மாற்றங்கள் மட்டுமே பதிவாகும். சில படங்கள் பின்னால் வரப்போகும் படத்தையும் நம்பி இருக்கும். எக்ஸ்264 என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளின் இயல்பு அமைப்பில் இரண்டு கீஃப்ரேம்களுக்கு இடையே 250 படங்கள் வரை போகலாம். அதாவது 25 ஃப்ரேம் வீடியோவில் 10 நொடி. டிவிடியில் அது அரை நொடியைச் சுற்றியே இருந்ததால், பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு உறைக்கவில்லை.

ஒரு சங்கக் கூட்டப் பதிவு. தலைவர் பேச்சைத் தொடங்குவதற்கு முன், மைக் திறந்திருப்பது தெரியாமல் மேடையில் இருவர் பணத் தகராறு பேசுகிறார்கள். அதை நீக்கி, 12 நிமிடம் 9 நொடியில் வரும் "வணக்கம்" முதல் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய கீஃப்ரேம் 12 நிமிடம் 4 நொடியில் இருக்கிறது. முழுப்படம் இல்லாமல் அடுத்த படங்களைக் காட்ட முடியாது என்பதால், நகலெடுக்கும் மென்பொருள் அங்கிருந்தே தரவை எடுத்துக்கொண்டு, "முதல் 5 நொடியைக் காட்டாதே" என்று எம்பி4 கோப்பில் ஒரு குறிப்பு எழுதிவிடலாம். எடிட் லிஸ்ட் என்பார்கள். கைப்பேசியில் சரியாக "வணக்கம்" என்றே தொடங்கும். அந்தக் குறிப்பை மதிக்காத டிவியில் போட்டால் தகராறின் கடைசி 5 நொடி ஓடும். ரகசியம் என்று நீக்கச் சொன்ன பகுதி, ஊருக்கெல்லாம் அனுப்பிய கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

சோதிப்பது எளிது. எடிட் லிஸ்ட்டைப் பொருட்படுத்தாமல் இயக்கும் தெரிவு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் இருக்கிறது. அப்படி ஓட்டிப் பார்த்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும். மறைக்கவேண்டிய விஷயம் இருந்தால் நகலெடுப்பு வேண்டாம் என்பதே என் கட்சி. முழுதாக என்கோட் செய்துவிடுங்கள். எக்ஸ்264-இல் சிஆர்எஃப் என்ற தர அளவை 18 என்று வைத்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

அப்படி எதுவும் இல்லை, துல்லியம் மட்டும் போதும் என்றால் இடைவழி ஒன்று உண்டு: வெட்டும் இடத்திலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரை மட்டும் புதிதாக என்கோட் செய்து, மிச்சத்தை நகலெடுப்பது. ஸ்மார்ட் கட் என்கிறார்கள். நகலெடுத்து வெட்டும் லாஸ்லெஸ்கட் மென்பொருளிலும் சோதனை நிலையில் அது உண்டு. ஆனால் ஒட்டிய துண்டின் அமைப்புகள் மூலத்தோடு பொருந்தாவிட்டால் இணைப்பில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஒட்டிய இடத்தைப் பார்க்காமல் டெலிவரி கொடுக்காதீர்கள்.

கைப்பேசிப் பதிவு என்றால் இன்னொரு தலைவலி. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃப்ரேம் என்பது தானாகவே குறையக்கூடும். ஃப்ரேம் எண்ணை 30-ஆல் வகுத்து நேரம் கண்டுபிடிப்பது அங்கே செல்லாது. 29.97-ஐ 30 என்று வைத்துக் கணக்குப் போட்டாலே ஒரு மணி நேரத்தில் 108 ஃப்ரேம் விலகிவிடும். முதலில் சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு வெட்டுங்கள்.

ஒலியும் ஃப்ரேம் எல்லையில் நிற்காது. ஏஏசி முறையில் சுருக்கிய 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 21 மில்லிநொடிக்கு ஒன்றாக இருக்கும். 25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு படம் 40 மில்லிநொடி. ஒரே வெட்டில் இது யாருக்கும் தெரியாது. நகலெடுத்த துண்டுகள் பலவற்றை வரிசையாகச் சேர்க்கும்போது விலகல் குவிந்து உதடும் குரலும் பிரியக்கூடும். அதனால் சேர்த்த கோப்பின் கடைசிப் பேச்சாளரின் வாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.